லாரன்ஸ் ஊற்றிய மூன்று கிளாஸ்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் போலீஸ் கோர்ட்டில் லாரன்ஸ் பன்னிரண்டு வருஷமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், மாஜிஸ்திரேட் துரை ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. கூண்டில் நிற்பவர் "நான்" என்றால் அவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "நான் திருடினேன்", "நான் அடித்தேன்" என்று நாள் முழுக்கப் பிறர் குற்றங்களைச் சொல்லிவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

1934இல், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பினாங்கு ரோட்டுக் கோயிலில் ஞானஸ்நானம். குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் பெஞ்சமின். வாடகைக் கார் ஓட்டுகிறவன்; லாரன்ஸுக்குத் தம்பி மாதிரி. அவன் மனைவி அமலம்மாள் காய்ச்சலில் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வீட்டில் மத்தியானம் விருந்து. லாரன்ஸ் பிராந்திப் புட்டியைத் திறந்தார்.

"வேணாம் அண்ணே," என்றான் பெஞ்சமின். "கல்யாணத்தன்னைக்கே அமலத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதுவுமில்லாம கார் எடுக்கணும்லா."

"என் மக பேருக்கு ஒரு கிளாஸ் குடிக்க மாட்டியா? அப்ப நீ என்ன ஞானத்தகப்பன்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சமினும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான். லாரன்ஸ் இரண்டாவது ஊற்றினார். மூன்றாவதை ஊற்றியபோது பெஞ்சமின் கையால் கிளாஸை மூடினான். லாரன்ஸ் அந்தக் கையை விலக்கிவிட்டு ஊற்றினார்.

மூன்று மணிக்கு, அக்கரையிலுள்ள பிறை ஊருக்குத் திரும்ப வேண்டிய தன் மாமியாரை ஃபெரித் துறையில் கொண்டுபோய் விடச் சொல்லி அவனை அனுப்பியதும் லாரன்ஸ்தான். கிழவியைப் பத்திரமாக இறக்கிவிட்டான். திரும்பும் வழியில், துறைமுகத்தை ஒட்டிய சாலையில், தலையில் தட்டோடு கடந்த சித்தி ஹாஜரா என்ற மலாய்ப் பலகாரக்காரியின் மேல் கார் மோதியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

பெஞ்சமின் ஓடவில்லை. அந்த அம்மாளின் தலையை மடியில் தாங்கியபடி சாலையில் உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் வந்து எழுப்பினார். வாயில் வாடை அடித்தது. ஸ்டேஷனில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொன்னார்கள். நாலாவது அடியில் கால் விலகியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது ஒன்று, கவனமில்லாமல் ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தது ஒன்று என இரண்டு குற்றம் எழுதினார்கள்.

மூன்று வாரம் கழித்து வழக்கு வந்தது. இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் லீவில் நாகப்பட்டினம் போயிருந்தார். 'எனக்கு வேண்டியவன், நான் நிற்கக் கூடாது' என்று லாரன்ஸ் துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன், எப்படி என்று கேள்வி வரும். அரசாங்க வேலை. லாரன்ஸ் வாயைத் திறக்கவில்லை.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?" என்று துரை கேட்டதைத் தமிழில் சொன்னார்.

"ஒத்துக்கிறேன்."

துரை காகிதங்களைப் புரட்டினார். "பதினொரு வருஷமாக உன் மேல் ஒரு புகாரும் இல்லை. குடிப்பழக்கமும் இல்லை என்கிறார்கள். அன்றைக்கு மட்டும் ஏன்? யாராவது வற்புறுத்திக் கொடுத்தார்களா?"

லாரன்ஸ் அதைத் தமிழில் சொன்னார். பெஞ்சமின் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் லாரன்ஸ் தாங்கியிருப்பார்.

"யாரும் குடுக்கல துரை. நானாத்தான் எடுத்துக் குடிச்சேன்."

கோர்ட் காத்திருந்தது. அவன் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார் லாரன்ஸ். யாரும் கொடுக்கவில்லை. நானேதான் எடுத்துக் குடித்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க அண்ணே," என்றான் பெஞ்சமின். இறந்தவளின் மகள் சலேஹா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லாரன்ஸ் மலாயில் சொன்னார். அவள் தலைத்துணியின் முனையை வாயில் அழுத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வருஷம் சிறை. லைசென்ஸ் ரத்து. லாரன்ஸ் அதைத் தமிழில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. துரை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்.

லாரன்ஸுக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் துரையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"மறைத்தது தப்பு. நீ கூண்டுப் பக்கத்தில் நின்றிருக்கவே கூடாது. அதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவேன். ஆனால் தண்டனை மாறாது. ஓட்டியவன் அவன், ஒத்துக்கொண்டவனும் அவன்."

"ஊற்றிக் கொடுத்தவனுக்கு?"

"உன் மேல் போடச் சட்டத்தில் ஒரு செக்ஷனும் இல்லை, லாரன்ஸ்."

செக்ஷன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

அன்று சாயங்காலமே பெஞ்சமின் வீட்டுக்குப் போனார். அமலம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அவள் அண்ணன் இருந்தான், அங்கே போகிறாள். லாரன்ஸைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க பக்கத்துல நின்னீங்களாம். தெரியாத ஆளு நின்னிருந்தா அவரு இன்னும் பயந்திருப்பாரு. அந்த மட்டுக்கும் ஆண்டவன் இருக்காரு."

"அமலம், நான்தான் ஊத்திக் குடுத்தேன். அவன் வேணாம்னுதான் சொன்னான். மூணாவது கிளாஸுக்குக் கையால மூடினான். நான் கையைத் தள்ளிட்டு ஊத்துனேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஜெயில்ல போய்ப் பார்த்தப்போ, ஏன் வாக்கை மீறினீங்கன்னு அவரைக் கேட்டு அழுதேன். திட்டினேன். என் முகத்துல முழிக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு. ஒரு வார்த்தை உங்க பேரைச் சொல்லலியே அண்ணே." சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள். "இதைக் கோர்ட்டுக்கு முன்னாடி வந்து என்கிட்ட சொல்லியிருந்தா, நான் அவரை அப்படிப் பேசியிருக்க மாட்டேன்லா."

அவள் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"போங்க அண்ணே. இனிமே வராதீங்க."

மேலிடம் அவரைக் கோர்ட்டிலிருந்து எடுத்து, துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போட்டது. ஞாயிறுதோறும் சிறைக்குப் போனார். பெஞ்சமின் வெளியே வந்து பார்க்க மறுத்துவிட்டான்.

விடுதலையாகும் நாளன்று காலையிலேயே வாசலில் போய் நின்றார் லாரன்ஸ். பெஞ்சமின் மெலிந்து, தலையில் பாதி நரைத்து வெளியே வந்தான். லாரன்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் கையை உதறவில்லை, அழவும் இல்லை.

"நான் குடிக்காம இருந்திருக்கலாம் அண்ணே," என்றான். "கிளாஸைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம். அந்தம்மா முகம்தான் கண்ணை மூடினா வருது. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா உங்களைப் பார்த்தா அந்த முகம்தான் வருது."

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, அமலம் இருக்கும் தோட்டத்துக்குப் போக ஃபெரி இருக்கும் பக்கம் நடந்தான். தெருவில் கார் வரும் சத்தம் கேட்டதும் சுவரோடு ஒட்டி நின்று, அது போன பிறகு மறுபடியும் நடந்தான். லாரன்ஸ் பின்னாலே போகவில்லை.