மூடாத வகிடு

ஆகஸ்ட் 8, 2024, வியாழன். பொறுக்கமாட்டாமல் செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே சூடு இறங்கியிருக்கும். தவறு என்னுடையது.

டைரியில் எழுதிவைத்துவிட்டாளே தவிர, மறுநாள் பரவை மார்க்கெட்டில் பில் போடும்போதும் தமிழ்ச்செல்விக்கு அதே நினைப்புதான். கல்லூரியின் சாயங்கால வகுப்புக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

பெட்டிக்குள் இரண்டு தட்டுகளில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. அந்தச் செல்லுக்குள் ஒரு ஆர்.என்.ஏ. உண்டு. அதிலிருந்து எந்தப் புரதமும் உண்டாவதில்லை. சும்மா கிடப்பதுபோல் கிடந்து, புற்று ஊர்ந்து பரவக் கைகொடுப்பது அதுதான் என்பது அவள் கணிப்பு. ஒரு தட்டில் மட்டும் மருந்து போட்டு அதை அடக்கியிருந்தாள். பிறகு இரண்டு தட்டிலும் நடுவே வகிடு எடுப்பதுபோல் ஒரு கீறல் போட்டிருந்தாள். செல்கள் ஊர்ந்தால் வகிடு மூடிக்கொள்ளும். போன தடவை இரண்டுமே மூடிக்கொண்டன. இந்தத் தடவையும் மூடினால் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஆசிரியை கனகலட்சுமி.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மருந்து போடாத தட்டில் வகிடு இருந்த இடமே தெரியவில்லை. மருந்து போட்டதில் அப்போதுதான் சீவியதுபோல் பளிச்சென்று இருந்தது. சந்தோஷப்படத் தெரியாமல், குளிரில் செத்திருக்கும் என்றாள்.

பகலில் செல்லூரில் தறி ஓட்டிவிட்டு வரும் முத்துக்குமரன் பக்கத்து மேசையிலிருந்து சிரித்தான். "பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு நிமிசத்துக்கொருக்க எட்டிப் பாத்தா அது எப்படித்தா தூங்கும்? சரி, குளிரு ரெண்டு தட்டுக்குந்தான போச்சு. மருந்து போடாதது மட்டும் எப்படி ஊந்துச்சு?"

"மருந்தே கொன்னுருந்தா, அண்ணே?"

அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருந்தது. செத்த செல் நீலச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாயத்தை விட்டவளுக்குக் குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவனைப் பார்க்கச் சொன்னாள். அவன் வேண்டுமென்றே நேரம் கடத்தினான்.

"எங்கனயோ ஒன்னு ரெண்டு நீலம். மத்ததெல்லாம் உசுரோடதான் இருக்கு. நவுரத்தான் மனசில்ல."

தமிழ்ச்செல்வி சிரித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கலோடு குனிந்தால் லென்ஸில் நெற்றி இடித்தது, அதற்கும் சிரித்தாள். சத்தம் கேட்டுக் கண்டிக்க வந்த கனகலட்சுமி, தானும் குனிந்து பார்த்துவிட்டுக் கண்டிக்க மறந்துபோனார். தலைப்பை மாற்ற வேண்டாம், ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து ஊரைக் கூட்டவும் வேண்டாம் என்றார். பஸ்ஸில் போகும்போதும் விக்கல் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி. வகிடு மூடவில்லை. நாளை புதுத் தட்டுகளில் முதலிலிருந்து செய்ய வேண்டும். பெட்டிச் சாவியை முத்துக்குமரன் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும்.