பச்சை விழுந்த புகார்

மின்சார அலுவலகத்துக்குச் சீர்திருத்தம் வந்ததிலிருந்து, புகார்ப் பிரிவில் இருந்தவளுக்குச் சிவப்பு என்றாலே பயம். ஒரு மணி நேரத்தில் தீராத புகார் சுவரிலிருக்கும் பெரிய திரையில் சிவப்பாகும். தீர்ந்தால் பச்சை. சிவப்பு கூடினால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும் ஆபீசில் எந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்? அதனால் லைன்மேன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததுமே 'முடிந்தது' என்று தட்டிவிடுவார்கள். வேலை அதுபாட்டுக்கு நடக்கும்.

அன்று தலைமையகத்து அதிகாரி வேறு பார்வையிட வந்திருந்தார். அவளும் வழக்கம்போல் ஒரு புகாருக்கு 'முடிந்தது' என்று தட்டிவிட்டாள். அறுந்த கம்பியைக் கட்டப் போயிருந்த லைன்மேன் அவள் வீட்டுக்காரர்தான்.

பக்கத்து மேசை அக்கா பதறினாள். "என்னடி பண்ணிட்ட? சப்-ஸ்டேஷன்லயும் இன்னைக்கிலேருந்து இதே திரையைத்தான் பாக்கறாங்க. பச்சை விழுந்தா கரண்ட் விட்டுடுவாங்க. முன்ன மாதிரி போன் போட்டுக் கேக்க மாட்டாங்க!"

அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது. கம்பத்தில் தொங்குகிறவர் எந்தக் கையால் எடுப்பார்? சப்-ஸ்டேஷன் லைன் கிடைக்கவே இல்லை. பச்சையை மாற்ற மேனேஜரின் பாஸ்வேர்டு வேண்டும். அதிகாரிக்குத் திரையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தவரிடம் ஓடினாள்.

"சார், அவர் கம்பத்து மேல இருக்கார். பச்சையை எடுங்க சார்!"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப சிவப்பானா என் மானம் போயிடும்மா. அஞ்சு நிமிஷம் பொறு, இவர் கிளம்பட்டும்."

"அஞ்சு நிமிஷத்துல அவர் உயிரே போயிடும் சார்!"

அதற்குள் திரையின் மூலையில் எழுத்து மின்னியது: மின்சாரம் விடப்பட்டது.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. வீட்டுக்காரரின் எண். எடுக்கவே பயந்தாள். வேறு யாராவது பேசினால்?

"ஏம்மா இத்தனை தடவை அடிச்சிருக்க?" அவரேதான். "மழைச் சத்தத்துல கேக்கல. ஏணி வண்டி இன்னும் வரல, கீழதான் நிக்கிறேன்."

"கம்பி பக்கம் போகாதீங்க! யாரையும் விடாதீங்க! கரண்ட் வந்துடுச்சு!" அதற்குமேல் முடியாமல் எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள்.

அதிகாரி அக்கறையாக விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேனேஜரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏணி வண்டி இவ்வளவு லேட்டா? நாளையிலேருந்து லைன்மேனுக்கு முன்னாடியே ஏணி போய் நிக்கணும். எழுதிக்குங்க."

மேனேஜர் எழுதிக்கொண்டார். நாளைக்கும் வீட்டுக்காரருக்குத்தான் டூட்டி என்பது அவளுக்கு நினைவு வந்தது. அழுகை சட்டென்று நின்றது. இன்று அவரைக் கீழேயே நிறுத்தி வைத்தது வராத ஏணிதான்.