ரவூப் சயாவின் வியாசங்கள்

1925 பிப்ரவரியில், பர்மாவில், பசுந்தாங் கால்வாயை ஒட்டிய சந்தில் வெள்ளம் வந்தது. மழை இல்லை, கால்வாயும் பொங்கவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்துகொண்டிருந்த அப்துல் ரவூப், காலையில் ‘ஆற்று வெள்ளம்’ என்ற ஆங்கில வியாசத்தைச் சொல்லி எழுத வைத்தார். மத்தியானம் தண்ணீர் முழங்கால்வரை ஏறி, வியாசத்தில் உள்ளபடி ஒரு பசுமாட்டையும் இரண்டு வைக்கோல் போர்களையும் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சந்தில் யாரிடமும் வைக்கோல் போர் கிடையாது. கடைசி வாக்கியத்தில் சொன்னபடி சாயங்காலம் வடிந்துவிட்டது. அடுத்த சந்தில் புழுதி பறந்தது. முனிசிபாலிட்டியிலிருந்து வந்தவர் இரண்டு சந்துகளையும் நடந்து பார்த்து, குழாய் உடைந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரவூப் நாகூர்ப் பக்கத்திலிருந்து சித்தப்பா கடையில் கணக்குப் பார்க்க வந்தவர். கணக்கு வரவில்லை, இங்கிலீஷ் வந்தது. கொப்பரைக் கிடங்கின் மாடியில் பாய் விரித்துப் பையன்களைச் சேர்த்தார். பர்மாக்காரர்கள் வாத்தியாரை அழைக்கிற மாதிரி தமிழர்களும் அவரைச் சயா என்றே அழைத்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் பேப்பருக்குத் தயார் செய்வது என்றால், எந்த வியாசம் வரும் என்று மோப்பம் பிடித்து, அதை அலங்காரமாகச் சொல்லிக்கொடுத்து, தொண்டை கட்டுகிறவரை உருப்போட வைப்பதுதான். வெள்ளத்துக்குப் பிறகு ‘ஊர்ச் சந்தை’ வந்தது, ‘கால்பந்தாட்டம்’ வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரப் பையன்கள் ஆடினார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சந்துக்காரர்கள் முதலில் பயந்தார்கள். பிறகு இன்றைக்கு என்ன வியாசம் என்று விசாரித்துவிட்டுத் துணி காயப்போடப் பழகிக்கொண்டார்கள்.

இதனால் உண்மையில் பிழைத்தவன் நல்லையா ஒருவன்தான். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தவர். அம்மா பவுனம்மாள் அரிசி ஆலையில் புடைக்கிற வேலை பார்த்தாள். பையனுக்கு மூளை உண்டு, மனப்பாடம் மட்டும் வராது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவான், பார்க்காததற்கு வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வருவான். அப்படியே இரண்டு முறை பெயிலாகியிருந்தான். மூன்றாவது தடவையும் போனால் மூட்டை தூக்க வரட்டும் என்று ஆலை மேஸ்திரி இடம் பிடித்து வைத்திருந்தார். வெள்ளம் வந்து போன மறுநாள் நல்லையா எழுதிய வியாசத்தைப் படித்த சயா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது சயாவின் மோப்பம் ‘தீப்பிடித்த வீடு’ என்று சொன்னது. பரீட்சையில் அதைக் கேட்டு வெகு காலமாகிவிட்டது, இந்த வருஷம் கட்டாயம் வரும். ஆனால் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். சந்து முழுக்க மரவீடுகள். மற்றப் பையன்கள் கடையில் விற்கிற கைடை வாங்கி உருப்போட்டுக்கொள்ளலாம் என்றார். நல்லையாவுக்குக் கைடு உதவாது என்பது அவருக்கும் தெரியும். அன்றைக்கே பவுனம்மாள் ஆலைத் தவிடு ஒட்டிய சேலையோடு மாடி ஏறி வந்து வாசலில் நின்றாள்.

“எங்க வீட்ட வச்சு எழுதுங்க, சயா. சந்துக் கடைசில தனியா கெடக்கு. பக்கத்துல யாருக்கும் சேதமில்ல.”

“தீ வியாசத்துல ஒரு ஆளக் காப்பாத்தணும், தங்கச்சி. அது இல்லாட்டி மார்க்கு போட மாட்டான்.”

“அதுக்கென்ன, நான் உள்ள இருக்கேன்.”

நல்லையா மூட்டை தூக்கவே போகிறேன் என்றான். அவனை யாரும் கேட்கவில்லை. சயா தன்னால் முடிந்ததையெல்லாம் மாற்றினார். பலத்த காற்று என்று வழக்கமாக வருவதை எடுத்தார், தீயணைப்பு வண்டியை இரண்டு வாக்கியம் முன்னால் கொண்டு வந்தார், காப்பாற்றுகிறவர் வழிப்போக்கர் அல்ல, அவள் மகன் என்று போட்டார். சட்டி பானையைச் சந்துக்காரர்கள் வெளியே எடுத்து வைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவர் கடைசி வரியைச் சொல்லி முடித்ததும் கூரை பற்றிக்கொண்டது. வியாசத்தில் உள்ளபடி கூட்டம் கூடியது. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாத பவுனம்மாள், உள்ளேயிருந்து நல்ல உச்சரிப்போடு இங்கிலீஷில் உதவி கேட்டாள். நல்லையா ஓடி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவளுக்குப் புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது. சயா கிடங்குப் படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், அதற்காக அவர் பிறகு வெட்கப்படவும் இல்லை.

பரீட்சையில் தீதான் வந்தது. வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். தீயைப் பார்க்காதவன் நல்லையா ஒருவன்தான். புகையில் கண்ணை மூடிக்கொண்டுதான் உள்ளே போனான், உள்ளே ஒரே ஒருமுறை திறந்தான். அப்போது கண்டதை அரைப் பக்கம் எழுதினான். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் முழங்கால்மேல் இருந்தன. மகன் பயந்துவிடக்கூடாது என்று இருமலை அடக்கிக்கொண்டு வாசலையே பார்த்தாள். சுவாலை இல்லை, அலங்காரம் இல்லை, முடிவில் நீதியும் இல்லை. தேற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே மார்க்கு போட்டிருந்தார்கள். ஜூன் மாதம் நல்லையா காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனான். பவுனம்மாள் ஆலைக் கொட்டகையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள்.

அது பொறுக்காமல்தான் சயா, எந்தப் பரீட்சையிலும் வராத ஒரு வியாசத்தைப் புதுப் பையன்களுக்குச் சொல்லி எழுத வைத்தார். தலைப்பு ‘ஒரு சிறு வீடு’. வியாசத்து வீடுகளை அவர் சீமைப் புத்தகங்களில்தான் பார்த்திருந்தார், அதனால் சாம்பல் கிடந்த இடத்தில் மறுநாள் நின்றது புகைபோக்கி வைத்த கல்வீடு. வாசலில் ரோஜாக்கொடி இருந்தது. டிசம்பரில் கூரைமேல் பனி பெய்தது, அந்தக் கூரைமேல் மட்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த நல்லையா, அம்மா ஆலைத் துடைப்பத்தால் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்து, குளிரவில்லையா என்று கேட்டான்.

“குளிருது. நீ வெயில்ல மூட்ட தூக்குறதப் பாக்குறதுக்கு இது தேவலப்பா” என்றாள்.

அவள் தள்ளிய பனியைச் சந்துக்காரர்கள் சட்டியில் அள்ளிப்போய்ச் சர்பத்தில் போட்டுக் குடித்தார்கள்.