பசுமைக் கரை

பெசன்ட் நகர்க் கடலினின்று எழுந்த இளங்கதிர், மயிலைக் கோயிலின் முகட்டைப் பொன்னாக்கி, அபிராமபுரத்து மாடங்களின் பலகணிதோறும் மின்னி, அடையாற்றின் கரிய நீரை அடைந்ததும் ஒளி மழுங்கி, கரையோரக் குடில்களின் தகரக் கூரைகளில் வெறும் வெம்மையாய் விழுந்தது. நற்றமிழ் வல்லீர்! அக்குடில்களை அகற்றி, அவற்றில் வாழ்ந்தோரை ஊர்ப்புறத்தே கொண்டு தள்ளச் சரக்குந்துகள் வந்து நின்ற காலை அது.

அங்கே பிறந்து, தமிழில் முதுகலை முடித்து, அவ்விடத்தில் எழவிருந்த பூங்காவுக்கே பெயர்ப்பலகை எழுதும் பணியில் அமர்ந்தவன் கதிரேசன். அவன் தங்கை ரத்னா மகவீன்று பதினொரு நாளே ஆகியிருந்தது. வயிற்றுத் தையல் ஆறவில்லை.

"பச்ச ஒடம்புண்ணா. பத்து மணிக்குள்ள ஆபீசரு கையெழுத்து போட்டா ஒரு மாசம் உடுவாங்களாம். கேட்டுக்கினு வந்துடு, இன்னா?"

வேண்டுகை மடலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அலுவலகத்துக்கு விரைந்தான். மணி ஒன்பதேகால்.

"வாங்க புலவரே!" என்றார் அலுவலர் ராகவேந்திரன். "பலகையில பச்சைக் கரையா, பசுமைக் கரையா? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒண்ணுதானே என்ற அச்சொல் முள்ளெனத் தைத்தது. "ஒன்றல்ல ஐயா" என்று தொடங்கினான். பச்சை, கையால் தொடத்தக்கது. மிளகாயும், வேகாத காயும், ஆறாத புண்ணும், பிறந்த குழவியும், அதனை ஈன்ற உடம்பும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. எப்பெயர்முன் வரினும் அது உருக்குலையாது. பசுமையோ பண்பின் பெயர், புணருங்கால் ஈறு கெட்டுப் பசுந்தளிராய், பைங்கிளியாய்க் குழையும், நினைவுக்கும் வளத்துக்கும் அடையாகும், அதற்கு நோவில்லை. ஈன்ற உடம்பு என்றபோதும் அவன் நா இடறவில்லை.

"லாவண்யா, இங்க வந்து கேளுங்க!" என்று எழுத்தரை அழைத்தார் அலுவலர். தேநீர் வந்தது. வியந்து நோக்கிய விழிகள் இரண்டு மிகவே, கதிரேசன் முதலிலிருந்து மீண்டும் தொடங்கினான், எடுத்துக்காட்டுகளைப் பெருக்கி, குரலை ஏற்றி இறக்கி.

மேசைமேல் தொலைபேசி ஒலித்தது. அலுவலர் எடுத்தார். "அந்தத் தெருவுல எல்லாரையும் வண்டியில ஏத்தியாச்சா? சரி."

அப்போதுதான் மடல் நெஞ்சில் உறுத்தியது. எடுத்து நீட்டினான். மணி பத்தேகால்.

"அடடா, வந்ததும் குடுத்திருந்தா ஒரு கையெழுத்துதானே?" என்றார் அவர், மெய்யாகவே வருந்தி.

ஓடினான். பாலத்தருகே ஊர்ந்த வண்டியில், சுருட்டிய பாய்மேல், மகவை மார்போடு அணைத்து, மறுகையால் அடிவயிற்றைத் தாங்கியிருந்தாள் ரத்னா.

"வாங்கினியா?"

"அவரு பேசிக்கினே இருந்தாரும்மா..."

"அவரு பேசினாரா, நீ பேசினியா?"

வண்டி நகர்ந்தது. குண்டும் குழியுமான அந்நெடுவழியில் தையல் பிரிந்தது, அவள் பிழைத்தாள், ஆயினும் அண்ணன் என்னும் சொல்லை அதன்பின் அவள் வாய் மொழிந்ததில்லை.

இன்று அக்கரையில் புற்றரை விரிந்திருக்கிறது, காலை நடையர் களைப்பாறுகின்றனர், பலகை நிற்கிறது. அதில் எழுத்துப் பிழையோ ஒற்றுப் பிழையோ கண்டவர் எவருமிலர். எழுதியவன் மட்டும் அவ்வழியே நடப்பதில்லை.