பட்டாணி கொடுத்த உறுதிமொழி

பட்டாணி பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. இரண்டாம் நாளே கைகால் நடுங்கத் தொடங்கிவிட்டது. தூக்கம் கிடையாது, கீச்சுக் குரலில் ஓயாத அழுகை. மாடிப்படியில் விழுந்து முதுகில் அடிபட்ட அவன் அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை, ஒரே வருடத்தில் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வயிற்றில் இருந்தவனையும் சேர்த்துத்தான். வெளியே வந்ததும் மருந்து நின்றுபோக, அவன் உடம்பு அதைக் கேட்டு அழுதது. சொட்டுமருந்து கொடுத்து, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் என்றார் நர்ஸ்.

அரசுக் காப்பீடு பிறந்த குழந்தைக்குப் பன்னிரண்டு நாள்தான் தாங்கும். அதற்கு மேல் என்றால் போதை மறுவாழ்வுப் பிரிவில் பதிய வேண்டுமாம். பதியப் போனவள் பட்டாணியின் அத்தை. பஸ் கண்டக்டர், விதி பேசுகிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள்.

அந்தப் பிரிவின் அலுவலகம் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்திலேயே இருந்தது. குமாஸ்தா தங்கமான மனிதர்.

"பேஷன்ட் எங்கம்மா?"

"மேல, அம்மா மடியில."

"குழுக் கூட்டத்துல ஒரு தடவையாவது நேர்ல உக்காரணுமே. இனிமே தொடமாட்டேன்னு உறுதிமொழியும் குடுக்கணும்."

"சார், பிறந்து பதினொரு நாள்தான் ஆகுது."

"வயசுக் கட்டத்துல ரெண்டு இலக்கம் வேணும். பதினொண்ணு சரியா இருக்கு. நாளா வருஷமான்னு கட்டம் கேக்கல." எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. "போதைப் பொருள் குடுத்தது யாரு? அம்மா பேரைப் போட்டா, அவங்க பேஷன்ட் பக்கமே வரக்கூடாது. பாத்துச் சொல்லுங்க."

அத்தை மேல்மாடியை நினைத்துக்கொண்டாள். விளக்கு குறைத்த அறையில், அம்மாவின் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும்போது மட்டும்தான் பிள்ளை சற்று அடங்குகிறான்.

"தொப்புள்கொடின்னு போடுங்க" என்றாள்.

குமாஸ்தா போட்டார். "இப்ப அந்த ஆள் எங்க?"

"வெட்டி விட்டாச்சு."

'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

அன்று பிற்பகலே கூட்டம். இரண்டாம் மாடியில் ஏழு நாற்காலி, ஆறு ஆண்கள். ஏழாவதில் அம்மா பட்டாணியோடு உட்கார்ந்தாள். நர்ஸ் சொட்டுமருந்தோடும், பக்கத்தில் அத்தையும் பின்னால் நின்றார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லி முடித்தார்கள். பட்டாணியின் முறை வந்தபோது அவன் வீறிட்டுக் கத்தினான். 'மனம்விட்டுப் பேசினார்' என்று கூட்டத்தை நடத்திய ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

"இவரைப் பழக்கினது யாரு?" என்றார் அடுத்ததாக.

அத்தை சைகை காட்டியும் அம்மா தலைகுனிந்தாள். "நான்தாங்க. முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக்குடுத்த மாத்திரை."

ஆறு பேரில் ஒருவரான பெயின்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்களுக்கெல்லாம் டாக்டரா எழுதிக் குடுத்தாரு? நாங்களே தேடிப் போய் விழுந்தோம். நீ வலிக்குதேன்னு முழுங்குன. உன்னையே ஏம்மா திட்டிக்கிற?" அவர் கையும் பட்டாணியின் கையைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தது. தான் அடித்த வீடுகளின் நிறங்களை ஒவ்வொன்றாகக் கரகரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். பட்டாணி அழுகையை விட்டுவிட்டு அவர் பக்கம் கண்ணைத் திருப்பினான்.

சமயம் பார்த்து ஆலோசகர், அம்மாவின் பெயரை எங்கும் எழுதாமலே, மளமளவென்று உறுதிமொழியை வாசித்தார். பட்டாணி சத்தமே போடவில்லை. 'மௌனம் சம்மதம்' என்று எழுதி முத்திரை குத்தினார். ஆலோசகர் கொடுத்த பதிவேட்டில் காலடியைத்தான் மையில் தோய்த்துப் பதிக்க முடிந்தது. விரல் அவ்வளவு சிறியது.

முப்பது நாளுக்கு அனுமதி கிடைத்தது. அம்மாவும் தன் பெயரில் ஒரு படிவம் கேட்டு வாங்கினாள்; வாரம் ஒருமுறை அதே மாடிக்குப் போனாள், மாத்திரையை டாக்டர் சொன்னபடி குறைத்தாள்.

இருபத்தாறாம் நாள் கடைசிச் சொட்டு. மறுநாள் மதியம் பட்டாணி தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினான். பயந்துபோன அம்மா நர்ஸை இழுத்துக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தார். "தூங்குறான்மா" என்றார். "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் தூங்கும். நீயும் படு."