பல் பிடுங்கும் சாவியும் டமாரமும்

எபன் கிரவுச்சுக்குக் கடைவாய்ப்பல் வலி ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. சந்தைகளில் பல் பிடுங்குகிற மோட் டாக்டரிடமே டமாரம் அடிக்கிற வேலை. அப்படியிருந்தும் பல்வலியோடு ஊர் ஊராக அலைய வேண்டுமென்றால் எரிச்சல் வராதா?

சந்தை நாளில் கேட்டால் டாக்டருக்கு நேரமில்லை. சந்தையில்லாத நாளில் அவருக்கு நிதானமில்லை. "டிரிஃபீல்டு சந்தையில பாக்கலாண்டா" என்றார். டிரிஃபீல்டு வந்தது, போனது. "பிக்கரிங்ல கண்டிப்பா" என்றார். பிக்கரிங்கில் மழை பிடித்துக்கொள்ள, குடித்துவிட்டு வண்டிக்கடியில் படுத்துவிட்டார். எபனின் கன்னம் பன் மாதிரி வீங்கியது. டமாரத்தில் விழுகிற ஒவ்வொரு அடியும் நேராகப் பல்லில் போய் இறங்கியது.

மால்ட்டன் குதிரைச் சந்தையன்று அவன் பொறுமை போய்விட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டிமேல் ஏறி, பல் பிடுங்கிக்கொள்கிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"டேய், எந்திரி. டமாரத்த யாரு அடிக்கிறது, உங்கப்பனா?" என்றார் டாக்டர்.

"ஒங்க சம்சாரம் அடிக்கட்டும். இந்தப் பல்லு வெளிய வராம நான் எந்திரிக்க மாட்டேன்."

"டமாரக்காரனுக்கே பல்லு சொத்தையாம்டோய்!" என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். டாக்டருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அவர் மனைவி டபிதா குச்சிகளை எடுத்துக்கொண்டாள்.

"எப்ப அடிக்கணும்?"

"ஒக்காந்த ஆளு கையத் தூக்கினா அடிங்கம்மா. அலறுறது கீழ கேட்டா அடுத்தவன் ஏற மாட்டான். டாக்டரு பல்லத் தூக்கிக் காட்டுற வரைக்கும் நிறுத்தவே கூடாது" என்று எபனே சொல்லிக்கொடுத்தான்.

டாக்டர் சாவியை எடுத்தார். குறுக்கே மரப் பிடி, இரும்புத் தண்டு, நுனியில் கொக்கி. கொக்கியைப் பல்லில் மாட்டி, தண்டை ஈறில் முட்டுக்கொடுத்து, பூட்டைத் திறப்பதுபோல் ஒரே திருகு. ஈறு வீங்கிக் கிடந்ததால் முட்டு நிற்கவில்லை. வழுக்கிப்போய்க் கொக்கி பக்கத்துப் பல்லில் உட்கார்ந்தது.

எபனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது நல்ல பல். சொல்லலாமென்றால் வாய் நிறைய இரும்பு. கையைத் தூக்கினான்.

டபிதா அடித்தாள். அவளுக்கு யார்மேல் என்ன கோபமோ, பிளந்து தள்ளினாள். அவன் இரண்டு கையையும் ஆட்டினான். இன்னும் பலமாக அடித்தாள். டாக்டர் தூக்கிக் காட்டிய பல் வெள்ளைவெளேரென்று இருந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"பாவி மனுசா, நல்ல பல்லப் புடுங்கிட்டீரே!"

"கத்தாதடா, ஆளுங்க ஓடிருவாங்க. சொத்தைய யார்க் சந்தையில பாத்துக்கலாம். போய் அடி."

ஆத்திரத்தில் எபனுக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன செய்வது, வேறு பிழைப்பு தெரியாது. இரத்தத்தைத் துப்பிவிட்டு டமாரத்தை மாட்டிக்கொண்டான்.

அடுத்து ஒரு பால்காரி ஏறி உட்கார்ந்தாள். சாவி வாய்க்குள் போனது. அவள் கை எழுந்தது. எத்தனையோ ஊரில் எத்தனையோ கை இப்படி எழுந்ததை எபன் பார்த்திருக்கிறான். எல்லோரும் வலி பொறுக்காமல்தான் தூக்குகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் மும்முரமாக அடித்திருக்கிறான். இந்த முறை அவன் குச்சியை ஓங்கவில்லை.

"அடிடா!" என்று டாக்டர் திரும்பினார்.

எபன் குச்சிகளைக் கீழே போட்டான்.

டாக்டர் திரும்பிய வேகத்தில் சாவி பால்காரியின் வாயிலிருந்து நழுவியிருந்தது. சந்தையே கேட்கும்படி அவள் குரல் வந்தது: "அது இல்லங்கய்யா, பக்கத்துப் பல்லு!"