கொடுக்கத் தகுதியானவர் பெயர்

அடுப்புக்கு வலப்புறம் தாழ்ந்த முக்காலியில் அப்பா போனிஃபாசியோ. அவருக்கு எதிரே, மக்காச்சோள மூட்டையின் மேல், மரம் அறுக்கும் தம்பி ஃபிதென்சியோ. கடைக்குப் போகும் கதவோரம் பாயில் சின்னவள் ஒதீலியா. எழுதுகிறவள் என்பதால் மேசை மூத்தவள் எர்மினியாவுக்கு. அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் அம்மா நாத்திவிதாத் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் குவாத்தமாலா நகர மருத்துவமனையில் சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது.

மருத்துவர் அனுப்பிய தாளை எர்மினியா இரண்டு முறை வாசித்தாள். அம்மாவின் குடலில் இருக்கவேண்டிய நல்ல கிருமிகள் செத்துவிட்டன. இடம் காலியானதும் கெட்டது ஒன்று பெருகிக் குடலையே அரிக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை, ரத்தத்தோடு போகிறது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மிஞ்சியிருப்பது ஒரே வழி. நல்ல உடம்புக்காரர் ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி அம்மாவின் குடலுக்குள் செலுத்தவேண்டும். அதிலுள்ள நல்ல கிருமிகள் போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டாரில் ஒருவர் கிடைத்தால் இந்த வியாழக்கிழமையே செய்யலாம். வெளியாள் என்றால் தேடிப் பிடித்துப் பரிசோதிக்க மூன்று வாரமாகும். கொடுப்பவர் கடந்த மூன்று மாதத்துக்குள் கிருமிக்கொல்லி மாத்திரை எதையும் விழுங்கியிருக்கக் கூடாது; அது நல்ல கிருமிகளையும் கொன்றிருக்கும். விழுங்கியவர் கொடுத்துப் பலிக்காமல் போனால், இன்னொரு முறையைத் தாங்க அம்மாவிடம் தெம்பில்லை. பெயரும் கையெழுத்தும் எழுத்தில் வேண்டும்.

ஃபிதென்சியோ நெஞ்சை நிமிர்த்தினான்.

"முப்பது வருஷமா என்னை ஒண்ணுக்கும் உதவாதவன்னு திட்டுனாங்க அம்மா. கடைசியில இதுக்குத்தான் உதவணும்னு இருக்கு."

"உன்கிட்ட குறைவில்லாம இருக்குற சரக்கு அது ஒண்ணுதானேண்ணே," என்றாள் ஒதீலியா.

பல நாளைக்குப் பிறகு அப்பாகூடச் சிரித்தார். எர்மினியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் அவள் கடைக்குத்தான் வருவார்கள். மிட்டாய் ஜாடிக்கு அடுத்த ஜாடியில் சிவப்பு மஞ்சள் கிருமிக்கொல்லி காப்ஸ்யூல் இருக்கும். ஒன்றிரண்டாக எண்ணித் தருவாள். மருத்துவர் சீட்டு எங்கே என்று அவளும் கேட்டதில்லை, வாங்குபவர்களும் கொண்டுவந்ததில்லை. அம்மாவுக்குப் பல்லில் சீழ் வைத்தபோது பன்னிரண்டு நாள் கொடுத்தவள் அவள்தான். பேதி தொடங்கியதும் இரட்டிப்பாகக் கொடுத்தாள். இதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று இருந்தது. அம்மாவின் பேதி மற்றவர்களுக்கும் தொற்றிவிடுமோ என்று பயந்து, காப்ஸ்யூல்களைப் பிரித்துத் தூளை எல்லாருடைய காலைக் கஞ்சியிலும் ஒரு வாரம் கலந்தாள். கசப்பை வெல்லமும் பட்டையும் மறைத்துவிட்டன. அப்பாவுக்கு மாத்திரை என்றாலே ஆகாது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அது நடந்து ஐந்து வாரம்தான் ஆகிறது.

ஃபிதென்சியோ பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீ போடாதே தம்பி. நீயும் முழுங்கியிருக்கே. எல்லாரும்தான். கஞ்சியில நான் கலந்தேன்."

எந்தக் கஞ்சி, எத்தனை நாள் என்று ஒதீலியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எர்மினியா ஒளிக்காமல் சொன்னாள். தானும் அதே கஞ்சியைக் குடித்ததையும் சொன்னாள். ஃபிதென்சியோ மூட்டையிலிருந்து முன்னால் சாய்ந்தான்.

"ரத்தத்தை எடுத்துப் பாத்தா தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எழுதாதே. என் பேரைப் போடு. வியாழக்கிழமையே ஆயிடும்."

"பலிக்கலைன்னா?"

"மூணு வாரம் அம்மா தாங்குவாங்களா? அதைச் சொல்லுக்கா முதல்ல."

அந்த நேரம் பார்த்துக் கடை ஜன்னலைத் தட்டினார்கள். மேலத்தெரு தோமாசா, குழந்தைக்கு வயிற்றுவலி, நாலு காப்ஸ்யூல் வேண்டும் என்றாள். ஜாடி அவள் கண்ணெதிரேயே பாதிக்குமேல் நிறைந்திருந்தது. இல்லை என்றாள் எர்மினியா. சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னாள். கண்ணு நல்லாத்தானே தெரியுது எனக்கு, யாருக்கு ஒளிச்சு வெச்சிருக்கே என்று தோமாசா திட்டிக்கொண்டே போனாள்.

திரும்பி வந்தபோது அப்பா முக்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டிருந்தார்.

"உள்ளதை எழுதும்மா," என்றார். "உங்கம்மாவுக்கு எத்தனை குடுத்தேங்கிறதையும் எழுது. டாக்டருங்களுக்குத் தெரியணும்."

ஃபிதென்சியோ எழுந்து வெளியே போய்விட்டான்.

எர்மினியா வரிசைப்படி எழுதினாள். அம்மாவுக்கு முதலில் நாளைக்கு மூன்று வீதம் பன்னிரண்டு நாள், பிறகு ஆறு வீதம் எட்டு நாள். வீட்டிலுள்ள நால்வருக்கும் கஞ்சியில் ஏழு நாள். கலந்தது நான், மற்றவர்களுக்குத் தெரியாது. ஆகவே இந்த வீட்டில் கொடுக்கத் தகுதியானவர் ஒருவரும் இல்லை. தயவுசெய்து வெளியாளைத் தேடத் தொடங்குங்கள், சீக்கிரம். கீழே கையெழுத்திட்டாள். ஒதீலியாவும் இட்டாள். அப்பா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். ஃபிதென்சியோவின் இடம் வெறுமையாக இருந்தது.

உறையின் வாயில் மாவுப் பசையைத் தடவி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். நகரத்துக்குப் போகும் இரண்டு மணிப் பேருந்து சந்தை முனையில் நின்றது. ஓட்டுநர் உறையை வாங்கிக் முன்கண்ணாடியோரம் செருகிவிட்டு வண்டியை எடுத்தார்.